நடுவரிடம் போன வழக்கு செத்துப்போன வழக்கல்ல

நம் உரிமையியல் நீதிமன்றங்களில் ஒரு கருத்து கேட்பாரில்லாமல் வேரூன்றிவிட்டது. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருக்கிறது என்று பிரதிவாதி மனுப் போடுகிறார். நீதிமன்றம் அதை ஏற்று இரு தரப்பையும் நடுவரிடம் அனுப்புகிறது. அத்தோடு அந்த வழக்கில் இனி ஒன்றுமில்லை, அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பதுதான் அந்தக் கருத்து. எங்கேனும் ஒரு நீதிபதி தயங்கி வழக்கைக் கோப்பில் வைத்திருந்தாலும், சில வருடம் கழித்து அதே இருக்கைக்கு வருகிறவர் ‘நடவடிக்கை ஏதுமில்லை’ என்று எழுதித் தள்ளுபடி செய்துவிடலாம். யாரும் ஆட்சேபிப்பதில்லை. நிலுவைப் பட்டியலில் ஒரு நம்பர் குறைந்ததே என்ற நிம்மதிதான் மிஞ்சுகிறது.

இந்தக் கருத்து தவறு. அதன் சட்ட அடித்தளம் பலரும் நினைக்கிற அளவுக்கு உறுதியானதில்லை. அதைவிடப் பெரிய குறை, இதனால் இழப்பவர் பெரும்பாலும் ஒரே வகையான ஆள் என்பது. கையில் காசு குறைந்தவர், அச்சடித்த ஒப்பந்தத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர், எதிரியின் இழுத்தடிப்பைத் தாங்க முடியாதவர்தான் இழக்கிறார்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1940ஆம் ஆண்டின் பழைய ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 34ஆம் பிரிவு இருந்தது. அதன்படி நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைக்கும். வழக்கு உயிரோடு காத்திருக்கும். 1996இல் வந்த புதிய சட்டம், ஐக்கிய நாடுகளின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 1985இல் தந்த மாதிரிச் சட்டத்தைத் தழுவியது. அதன் 8ஆம் பிரிவு, தரப்பினரை நடுவரிடம் அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கட்டளையிடுகிறது. அனுப்பிய பிறகு கோப்பில் உள்ள வழக்கை என்ன செய்வது? அந்தப் பிரிவு அதைச் சொல்லவில்லை. நிறுத்தி வை என்றும் இல்லை, தள்ளுபடி செய் என்றும் இல்லை.

அந்த மௌனத்தை நிரப்பியது 2000ஆம் ஆண்டு ஆனந்த கஜபதி ராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. நடுவரிடம் அனுப்பியபின் மூல வழக்கில் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை, நிறுத்தி வைத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அது சொன்னது. 2010இல் ஆஃப்கான்ஸ் வழக்கில் இன்னும் அழுத்தமாக வந்தது. சமரச மையத்துக்கு அனுப்பிய வழக்கு நீதிமன்றத்தின் பார்வையிலேயே இருக்கும், ஆர்பிட்ரேஷனுக்குப் போனது நீதிமன்றத்தின் ஓட்டத்திலிருந்து நிரந்தரமாக வெளியேறிவிடும், திரும்பி வராது என்பது அதன் சாரம். இன்றைய வழக்கத்துக்குத் தாங்கு தூண்கள் இந்த இரண்டும்தான்.

இந்தத் தீர்ப்புகள் எந்தச் சூழலில் பிறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனந்த கஜபதி ராஜு வழக்கு விஜயநகரம் அரச குடும்பத்தின் தகராறு. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோதே தரப்பினர் அனைவரும் தாங்களாக உட்கார்ந்து பேசி, நடுவரிடம் போவோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் சம்மதம். எல்லாருக்கும் வக்கீல் வைக்க வசதி. நடுவருக்குக் கட்டணம் யார் கட்டுவது என்ற தவிப்பு அங்கே எழ வழியில்லை. ஆஃப்கான்ஸ் தீர்ப்பும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவைப் பற்றியது. இரு தரப்பும் சம்மதிக்காமல் அந்தப் பிரிவின்கீழ் ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பக் கூடாது என்பதே அங்கே தீர்மானிக்கப்பட்ட முக்கிய விஷயம். ஆக, மனமொத்துப் போகிறவர்களை மனத்தில் வைத்துச் சொன்ன வாசகங்களை எடுத்து, இஷ்டமில்லாமல் இழுத்துச் செல்லப்படுகிறவர் தலையில் வைத்திருக்கிறோம். மனமொத்துப் போகிறவருக்குத் திரும்பி வரும் வழி தேவைப்படாது. இழுக்கப்பட்டவருக்கு அது இல்லாமல் முடியாது.

வழக்கைக் கோப்பில் வைத்திருப்பது ஆர்பிட்ரேஷனுக்கே எதிரான மனப்பான்மை என்று சிலர் சொல்கிறார்கள். உலகத்தின் பெரிய ஆர்பிட்ரேஷன் மையங்கள் என்ன செய்கின்றன? இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் 9ஆம் பிரிவு, வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. சிங்கப்பூரின் சர்வதேச ஆர்பிட்ரேஷன் சட்டம் 6ஆம் பிரிவிலும் அதுவேதான். ஹாங்காங் நாம் தழுவிய அதே மாதிரிச் சட்டத்தைத் தழுவியது. நடுவரிடம் அனுப்பும் உத்தரவோடு வழக்கை நிறுத்தி வைக்கும் உத்தரவும் போட்டாக வேண்டும் என்று கூடுதலாக ஒரு வரி எழுதிக்கொண்டது. அந்த வரியால் அங்கே ஆர்பிட்ரேஷன் நலிந்துவிடவில்லை.

அமெரிக்கா இந்தக் கேள்வியை நேரடியாகவே எதிர்கொண்டது. அரிசோனாவில் சரக்குகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். தங்களை ஊழியர்களாகக் காட்டாமல் சுயதொழில் ஒப்பந்தக்காரர்களாகக் காட்டி, குறைந்தபட்சக் கூலி, கூடுதல் நேர ஊதியம், சம்பளத்துடன் நோய் விடுப்பு எல்லாவற்றையும் நிறுவனம் மறுத்தது என்பது அவர்கள் புகார். ஆர்பிட்ரேஷனுக்குப் போக வேண்டிய வழக்கு என்பதை ஓட்டுநர்கள் தரப்பும் ஒப்புக்கொண்டது. வழக்கை நிறுத்தி மட்டும் வையுங்கள் என்று கேட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2024 மே 16 அன்று, ஸ்மித் எதிர் ஸ்பிட்சிரி என்ற அந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் ஒரே குரலில் அதை மாற்றினார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். அந்நாட்டின் 1925ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு கேட்டால் வழக்கை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், தள்ளுபடி செய்யும் விருப்புரிமை நீதிமன்றத்துக்கு இல்லை என்று சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பு காட்டிய காரணங்களில் ஒன்று நமக்கும் நேராகப் பொருந்துகிறது. ஆர்பிட்ரேஷன் நடக்கும்போதும் நீதிமன்றத்துக்கு வேலை இருக்கிறது. நடுவரை நியமிக்க, சாட்சியை வரவழைக்க, தீர்ப்பை நிறைவேற்ற அங்கேதான் வரவேண்டும். ஆர்பிட்ரேஷன் எந்தக் காரணத்தாலாவது நடக்காமல் போனால், கட்சிக்காரர் திரும்பி வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். புது வழக்குப் போடும் செலவும், அதற்குள் காலவரம்பு கடந்துவிடும் ஆபத்தும் அவரை வாட்டக் கூடாது. நீதிமன்றங்களின் நிர்வாகச் சுமையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. சுமையைக் குறைக்க உள்நடைமுறைகளை வகுத்துக்கொள்ளுங்கள், அதற்காக வழக்கைத் தள்ளாதீர்கள் என்பதே அதன் நிலைப்பாடு.

இனி நம் ஊருக்கு வருவோம். 10 லட்சம் ரூபாய் வர வேண்டியிருக்கிறது என்று ஒருவர் தமிழ்நாட்டில் பிராது போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017இல் நீதிமன்றக் கட்டணத்தை 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் 30,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். கட்டுகிறார். எதிரி 8ஆம் பிரிவில் மனுப் போடுகிறார். மனுவின் மீது உத்தரவு வரவே மாதங்கள் ஓடிவிடும். உத்தரவு வருகிறது, வழக்கு முடிகிறது. அடுத்து நடுவர். சட்டத்தின் நான்காம் அட்டவணை தரும் மாதிரிக் கட்டணப்படி, 10 லட்ச ரூபாய்த் தகராறுக்கு 62,500 ரூபாய். தனி நடுவர் என்றால் அதன்மேல் 25 சதவீதம் கூடுதல். மொத்தம் 78,125 ரூபாய். நடைமுறையில் இது கூடலாம், குறையலாம். வக்கீல் கட்டணம், அறை வாடகை, தட்டச்சுச் செலவு எல்லாம் தனி.

இந்தத் தொகையை இரு தரப்பும் பாதிப் பாதியாக முன்பணம் கட்ட வேண்டும். எதிரி கட்டவில்லை என்றால்? 38ஆம் பிரிவின்படி, அவர் பங்கையும் சேர்த்து நீங்களே கட்டலாம். நீங்களும் கட்டவில்லை என்றால் நடுவர் விசாரணையை நிறுத்தலாம், அல்லது முடித்தேவிடலாம். ‘நடுவரிடம்தான் போக வேண்டும்’ என்று நீதிமன்றத்தில் வாதாடி வழக்கை முடிக்க வைத்தவர், நடுவர் வந்ததும் தன் பங்குப் பணத்தைக் கட்டாமல் இருந்தே இரண்டாவது முறையும் ஜெயித்துவிடலாம். இந்த வாய்ப்பை அவருக்குக் கொடுப்பது முடிக்கப்பட்ட அந்த வழக்குதான். வழக்கு உயிரோடு இருந்தால், வாதி அதே நீதிபதியிடம் போய், இவர்தான் ஆர்பிட்ரேஷன் கேட்டார், இவர்தான் பணம் கட்டவில்லை, என் வழக்கைத் தொடருங்கள் என்று சொல்ல முடியும். அந்த ஒரு வாய்ப்பு இருந்தாலே எதிரி ஒழுங்காகப் பணம் கட்டுவார்.

இது கற்பனைப் பயமில்லை. அமெரிக்காவில் டோர்டேஷ் நிறுவனம் தன் விநியோக ஊழியர்கள் நீதிமன்றம் போகக் கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் உண்மையிலேயே நடுவர் அமைப்பிடம் போய் நின்றபோது, தன் பங்குக் கட்டணத்தைக் கட்ட மறுத்தது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் நீதிபதி வில்லியம் ஆல்சப், 5,010 பேரின் தகராறுகளில் அந்த நிறுவனம் நடுவர் முன் போயே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டார். தானே எழுதிய ஷரத்திலிருந்து தானே தப்பப் பார்ப்பதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஒரு நீதிபதியின் முன் அந்த விவகாரம் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

பணம் தீர்ந்துபோன வாதியின் நிலை என்ன என்பதற்கும் அங்கே ஒரு முன்னுதாரணம் உண்டு. ஒரு பெண், தன் வழக்கறிஞர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டு நடுவரிடம் போனது. பாதியில் அவரிடம் பணம் தீர்ந்தது. நடுவர் விசாரணையை முடித்துவிட்டார். கீழ் நீதிமன்றமோ, தனக்கு வேறு வழியில்லை என்று வழக்கைத் தள்ளியது. 2016இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆர்பிட்ரேஷன் தன் போக்கில் முடிந்துவிட்டது, பணமில்லாமைக்காக அவருடைய வழக்கைக் கொல்ல முடியாது, விசாரியுங்கள் என்றது. கீழ் நீதிமன்றம் எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்யாமல் வழக்கை நிறுத்தி வைத்திருந்தது. அதனால்தான் அவர் திரும்பி வர ஒரு வழக்கு மிச்சமிருந்தது.

நம் நாட்டில் இன்னொரு அடியும் உண்டு. வாதி ஏற்கெனவே ஒரு இடைக்காலத் தடை வாங்கியிருப்பார். சொத்தை விற்காதே, வண்டியைத் தூக்காதே, வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்காதே என்று. வழக்கு முடிந்தால் அந்தத் தடையும் கூடவே விழும். புதிதாகத் தடை வேண்டுமானால் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9ஆம் பிரிவின்கீழ் மனுப் போட வேண்டும். அதற்கான நீதிமன்றம் மாவட்டத்தின் முதன்மை உரிமையியல் நீதிமன்றம். நடுவரை நியமிப்பதில் தகராறு வந்தால் 11ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம். தென்மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் ஆரம்பித்தவர் மாவட்டத் தலைநகருக்கும் மதுரைக் கிளைக்கும் அலைய வேண்டும். இடையில் இருக்கிற நாட்களில் எதிரி செய்வதைச் செய்து முடித்துவிடலாம். அனுப்பிய உத்தரவை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. அனுப்ப மறுத்தால்தான் 37ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

அடுத்தது காலவரம்பு. இங்கேதான் எதிர்த்தரப்பு தெம்பாகப் பேசும். காலவரம்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இருக்கிறதே, தவறான மன்றத்தில் கழித்த காலத்தைக் கழித்துவிடுவார்களே என்று. ஆனால் அது தானாகக் கிடைக்கும் சலுகையில்லை. நல்லெண்ணத்தோடு, போதிய கவனத்தோடு அந்த வழக்கை நடத்தினேன் என்று நடுவரிடம் புதிதாக நிரூபிக்க வேண்டும். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, நடுவரிடம் போகலாம் என்ற நோட்டீஸ் எதிரி கைக்குக் கிடைத்த நாளில்தான் விசாரணை தொடங்கியதாகக் கணக்கு. பிராது தாக்கல் செய்த நாள் அங்கே கணக்கில் வராது. ஆக, மூன்று வருடக் காலவரம்புக்குள் ஒழுங்காக வழக்குப் போட்டவரும் நடுவர் முன் போய், நான் தாமதிக்கவில்லை என்று தற்காத்து நிற்க வேண்டியிருக்கிறது.

ஆர்பிட்ரேஷன் பாதியில் முறிந்தால் நிலைமை இன்னும் மோசம். நடுவரின் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தால், இடைப்பட்ட காலத்தைக் கழிக்கலாம் என்று 43ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. கட்டணம் கட்டாததால் விசாரணை முடிக்கப்பட்டால்? தீர்ப்புத் தர 29ஏ பிரிவு விதிக்கும் கெடு முடிந்து நடுவரின் அதிகாரமே போய், யாரும் அதை நீட்டிக்காமல் விட்டால்? அந்த உட்பிரிவில் அதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. அப்போது வாதி மீண்டும் நீதிமன்றம் வரலாமா, வந்தால் காலவரம்பு எப்படி என்பதெல்லாம் தனித்தனி வாதங்கள். அவற்றுக்கும் சேர்த்துப் புதிய கட்டணம், புதிய வக்காலத்து, புதிய வாய்தா. பழைய நம்பர் உயிரோடு இருந்திருந்தால் இவற்றில் எந்தக் கேள்வியும் எழாது. வழக்கைப் போட்ட நாள்தான் போட்ட நாள்.

‘ஷரத்தைத் தெரிந்தே மீறி நீதிமன்றம் வந்தவர் அனுபவிக்கட்டும்’ என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. எது ஆர்பிட்ரேஷனுக்குப் போகும், எது போகாது என்பதில் நம் உயர்ந்த நீதிமன்றங்களே பலமுறை மாறியிருக்கின்றன. கடுமையான மோசடிக் குற்றச்சாட்டு என்றால் நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு. பிறகு திருநெல்வேலியில் சகோதரர்கள் கூட்டாக நடத்திய ஒரு ஓட்டலின் கணக்குத் தகராறு வந்தது. விசாரணை நீதிமன்றம், மோசடி பற்றிய புகார் இருப்பதால் நடுவரிடம் அனுப்ப முடியாது என்றது. உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் மாற்றி, சாதாரண மோசடிப் புகார் ஆர்பிட்ரேஷனைத் தடுக்காது என்றது. 2019இலும் 2020இலும் அந்தக் கோடு மேலும் வரையப்பட்டது. இரண்டு நீதிமன்றங்களும் சரியென்று ஏற்ற வழியில் வந்த ஒருவரை, ஷரத்தை மீறிய குற்றவாளியைப் போல நடத்துவது எந்த ஊர் நியாயம்? இதுவும் போக, கடன் பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்த ஷரத்தைப் படித்துப் புரிந்து ஏற்றுக்கொண்டார் என்று டிராக்டர் வாங்கிய விவசாயியைப் பற்றி நாம் மனமறிந்து சொல்ல முடியுமா?

நிலுவை வாதம்தான் இருப்பதிலேயே பலமான வாதம் என்று நினைக்கிறார்கள். மாவட்ட நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடப்பது உண்மை. அதைப் பார்த்துக் கவலைப்படாதவர் இருக்க முடியாது. நிறுத்தி வைத்த வழக்கு நீதிபதியின் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது? சாட்சி விசாரணை இல்லை, வாதம் இல்லை, வாரம் ஒரு வாய்தாவும் தேவையில்லை. தனிப் பதிவேட்டில் போட்டு, நிலுவைக் கணக்கில் வேறு தலைப்பில் காட்டினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலுவலகம் ஒரு குறிப்புக் கேட்கலாம். எழுத்தர் மேசையில் தீர வேண்டிய கணக்குப் பிரச்சினைக்காக ஒருவருடைய உரிமையைப் பலி கொடுக்கத் தேவையில்லை. முடிக்கப்பட்ட வழக்கும் மாயமாவதில்லை. 9ஆம் பிரிவு மனு, 11ஆம் பிரிவு மனு, காலவரம்பு வழக்கு என்று வெவ்வேறு நம்பர்களில் திரும்பி வருகிறது. ஒரு நம்பரைக் குறைத்து மூன்றை ஏற்றிக்கொள்வதைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படியானால் வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வழக்கை என்னதான் செய்வது? அசையாமல் கிடப்பது யாரால் என்று முதலில் கேட்க வேண்டும். வாதி வேண்டுமென்றே நடுவரிடம் போகாமல், வழக்கைப் பிடித்துவைத்து எதிரியை மிரட்டுகிறாரா? நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் கேட்டு, அதற்குப் பிறகும் அசையாவிட்டால் தள்ளுங்கள். எனக்கு ஆட்சேபமில்லை. நடுவரின் பெயரைச் சொல்லாமல், பணம் கட்டாமல், தேதிக்கு வராமல் இழுத்தது பிரதிவாதி என்றால், தள்ளுபடி அவருக்குப் பரிசாகிவிடும். சிங்கப்பூர்ச் சட்டம் இதைப் பக்குவமாகக் கையாள்கிறது. நிறுத்தி வைத்த வழக்கில் இரண்டு வருடம் எந்த அசைவும் இல்லையென்றால் நீதிமன்றம் தானாகவே அதை முடித்து வைக்கலாம். ஆனால் மீண்டும் உயிர்ப்பிக்கக் கேட்கும் உரிமை தரப்பினருக்கு அப்படியே இருக்கும். பதிவேடும் சுத்தமாகிறது, ஆளும் கைவிடப்படுவதில்லை. கண்டிப்புக்குப் பெயர்போன அந்த நாட்டுக்கே இந்தப் பொறுமை இருக்கிறது.

சட்டம் மாறும்வரை நம் நீதிபதிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 8ஆம் பிரிவு உத்தரவிலேயே சிலவற்றை எழுதலாம். ஆர்பிட்ரேஷன் கேட்ட தரப்பு இத்தனை நாளுக்குள் நடுவர் நியமனத்துக்கு ஒத்துழைக்க வேண்டும், தன் பங்குக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். நடுவர் பொறுப்பேற்கும்வரை அல்லது 9ஆம் பிரிவு மனு விசாரணைக்கு வரும்வரை ஏற்கெனவே உள்ள தடையை நீட்டிக்கலாம். ஆர்பிட்ரேஷன் முறிந்தால் இதே வழக்கை மீட்டுக்கொள்ளலாம் என்று வாதிக்கு அனுமதி தந்து முடிக்கலாம். வக்கீல்கள் கேட்டால்தானே நீதிபதி எழுதுவார்? 8ஆம் பிரிவு மனுவுக்கு எதிருரை தாக்கல் செய்யும்போதே, அனுப்புவதானால் இந்த நிபந்தனைகளோடு அனுப்புங்கள் என்று ஒரு பத்தி சேர்த்து எழுதுவது வாதியின் வக்கீலுக்குப் பெரிய வேலையில்லை.

ஆனாலும் இதை ஒவ்வொரு நீதிபதியின் மனத்தையும் நம்பி விடக் கூடாது. சட்டத்தில் எழுத வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய அரசு ஆர்பிட்ரேஷன் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பெரிய நிறுவனங்களும் பெரிய வக்கீல் அலுவலகங்களும் இத்தகைய அழைப்புகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பும். மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களும் எழுத வேண்டும். 8ஆம் பிரிவில் ஒரே ஒரு உட்பிரிவு போதும்: தரப்பினரை நடுவரிடம் அனுப்பும் நீதிமன்றம், ஒரு தரப்பு கேட்டால், வழக்கை நிறுத்தி வைக்க வேண்டும். நடுவரின் தீர்ப்பு இறுதியாகும்வரை, அல்லது நடுவர் விசாரணை தீர்ப்பில்லாமல் முடிந்து வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும்வரை, அதைத் தள்ளுபடி செய்யக் கூடாது. 43ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவிலும், தீர்ப்பு ரத்தானால் மட்டுமின்றித் தீர்ப்பில்லாமல் முடிந்தாலும் காலம் கழிக்கப்படும் என்று சேர்க்க வேண்டும். திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் இந்த வழக்குகளை அன்றாடம் நடத்துகிற வழக்கறிஞர்கள் இதை எழுத்தில் கேளுங்கள்.